கேட்ட வேகன், வந்த வேகன்

ஆர்வோ மூன்று அட்டைகளைச் சீட்டுக்கட்டு போல விரித்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இவ்ளோதானா?"

"செப்டம்பர்ல இவ்ளோதான் வந்துச்சு," என்றேன்.

"மூணு வேகன். இதுக்கு எஞ்சின் எதுக்கு, வெர்ன்? சட்டைப் பையில போட்டுக்கிட்டு நடந்தே போய் வச்சுட்டு வந்துடறேன்."

ஜங்ஷன் யார்டில் நின்றிருந்த டுவேன் சிரித்தார். வண்டிகளுக்குப் பாதை கொடுக்கும் கண்ட்ரோலர் மேசையில் இருந்த லவோன் சிரிக்கவில்லை. ஆர்வோ மூங்கில் குச்சியைக் காதில் செருகிக்கொண்டு பெல்கி கிளைப் பாதையின் பக்கம் போனான். இறைச்சி சுடுகிற குச்சிதான் அது. இரண்டு வேகன்களுக்கு நடுவில் விட்டு லேசாகத் திருகினால் கொக்கி விடுபட்டுவிடும். இருபது நிமிடத்தில் அவன் வேலை முடிந்தது. மிச்ச மூன்று மணி நேரமும் ஆலைக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வேகன்களை நிறுத்தும் சைடிங் தடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அவனைப் பார்த்தேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

என் வீட்டு நிலவறையைச் சுற்றி ஓடுவது விஸ்கான்சினின் வடக்கே நாங்கள் இருக்கும் இதே மாவட்டம்தான், எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில், மாதிரி ரயில் பாதையாக. ஜங்ஷனிலிருந்து பெல்கி வரை பதினெட்டு மைல் கிளைப் பாதை, அதன் முடிவில் காகித ஆலை. உண்மையான ஆலையை 1978 நவம்பரில் மூடினார்கள். உண்மையான தண்டவாளத்தை அடுத்த கோடையில் பெயர்த்து எடுத்தார்கள். பனிக்காலத்தில் இப்போது அந்தத் தடத்தின்மேல் ஸ்னோமொபைல் வண்டி ஓட்டுகிறார்கள்.

அந்த ஆலையின் சரக்கு அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஆர்வோ கிளை வண்டியில் வேகன்களைக் கோத்துக் கழற்றும் பிரேக்மேன். பாதை போன பிறகு அவனுக்கு ரயில் வேலை எங்கேயும் அமையவில்லை. மரம் அறுக்கும் பட்டறையில் முப்பது வருடம் இருந்தான். நான் மாவட்டச் சாலைத் துறையில் ஒரு மேசைக்குப் போனேன்.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நான்கு பேர் கூடுவோம். டுவேன் பல் மருத்துவர். லவோன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் அதட்டினால் எந்த வண்டியும் நிற்கும். ஆர்வோ நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு வருவான். ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டையின் அடியில் சின்னப் பை, பைக்குள் சரக்குச் சீட்டு: எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு. அட்டையைப் பார்த்து வேகனைத் தேடிப் பிடித்து, சீட்டு சொல்லும் இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். பார்க்கிறவர்கள் இதை விளையாட்டு என்பார்கள். நாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

முன்பெல்லாம் எங்கள் பாதையில் எப்போதும் 1976 அக்டோபர்தான். மேப்பிள் இலைகள் எப்போதும் சிவப்பு. சீட்டுகளைக் குலுக்கி எடுப்போம். எப்படிக் குலுக்கினாலும் ஆலைக்கு ஏழெட்டு வேகன் போய்விடும். பிறகு என் மனைவி ஜெரி ஒரு குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனாவில் மகளிடம் போனாள். வசந்தம் வந்தது, அவள் வரவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. அந்த வருடக் கடைசியில் ஒரு நாள் அலமாரிக்குப் பின்னாலிருந்த பெட்டிகளைத் திறந்தேன். ஆலையை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்த வரவுப் பதிவேடுகள். எந்தத் தேதியில் எந்த எண்ணுள்ள வேகன் வந்தது, ஜார்ஜியாவிலிருந்து வந்த வெண்களிமண்ணா, மின்னசோட்டாவிலிருந்து வந்த மரக்கட்டையா, காகித உருளை ஏற்ற வந்த காலி வேகனா, எல்லாம் இருந்தது. என் கையெழுத்தில்.

நிஜமான போக்குவரத்தையே ஓட்டலாம் என்று சொன்னேன். நாட்காட்டியை நகர்த்துவது. ஒரு சனிக்கிழமைக்கு ஒரு மாதம்; அந்த மாதத்தின் சராசரியான ஒரு நாளில் ஆலைக்கு என்ன வந்ததோ அது மட்டும் ஓடும். 1977 ஜனவரியில் தொடங்கினோம். முதல் நாள் பதினாலு வேகன். ஆர்வோவுக்கு வியர்த்துவிட்டது. "இதுதான்யா ரயில்வே, இவ்ளோ நாள் நாம பொம்மை ஓட்டிக்கிட்டு இருந்தோம்," என்று டுவேன் என் முதுகில் தட்டினார்.

கோடையில் அது பதினொன்றானது. பனிக்காலத்தில் எட்டு. மரக்கட்டையும் களிமண்ணும் லாரிக்கு மாறின. காகிதம் ஏற்றும் காலி வேகன் மட்டும் மிஞ்சியது. அடுத்த வசந்தத்தில் ஆறு. இப்போது மூன்று. எண்ணிக்கை இறங்க இறங்க நான் அட்டைகளையும் வேகன்களையும் எடுத்துப் பெட்டியில் போட்டேன். பல்லில் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் அந்த இரண்டு வருடமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெரி தொலைபேசியில் கள்ளி பூத்ததைச் சொல்வாள். நான் பனி எத்தனை அங்குலம் என்று சொல்வேன்.

மூன்று வேகன் ஓடிய அன்று, மற்றவர்கள் போன பிறகு லவோன் சமையலறையில் தன் கேக் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"வெர்ன், நாட்காட்டிய நிறுத்து."

"ஏன்?"

"ஏன்னா கேக்கற? அந்த மனுசன் மூணு மணி நேரம் ஸ்டூல்ல குந்தியிருந்தான். டாக்டரோட வெயிட்டிங் ரூம்ல பல்வலிக்காரன்கூட இதைவிடச் சந்தோசமா இருப்பான்."

"மெயின் லைன் வண்டி ஓட்டச் சொல்லி நூறு தடவ சொல்லியாச்சு."

"ஓட்ட மாட்டான்னு உனக்குத் தெரியும்."

தெரியும். பெல்கி வண்டியைத் தவிர எதையும் அவன் தொட்டதில்லை.

"நவம்பர்ல ஆலை மூடிடும்," என்றேன். "அப்புறம் கிளையை எடுத்துடலாம்னு இருக்கேன். பலகையை அறுத்துட்டா அந்தப் பக்கம் இடம் கிடைக்கும்."

"எதுக்கு இடம்?"

நான் அவள் கழுவிய தட்டை வாங்கித் துடைத்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கிளை போச்சுன்னா ஆர்வோ இங்க வர மாட்டான்," என்றாள். "அவனுக்கு மாசத்துல இந்த ஒரு நாள்தான் மனுசங்களோட பேச்சு. அந்த டிரெய்லர்ல ஒரு ரேடியோவும் ஒரு பூனையும் இருந்துச்சு. பூனையும் போன மாசம் செத்துப்போச்சு. தெரியுமா உனக்கு?"

தெரியவில்லை. அவன் என்னிடமும் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை நான் கிளையைக் கைவிடும் அறிவிப்பைத் தட்டச்சு செய்தேன். ரயில் கம்பெனி ஒரு பாதையைச் சும்மா கைவிட்டுவிட முடியாது. முதலில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அந்தப் பாதையில் சரக்கு அனுப்புகிறவர்கள், பெறுகிறவர்கள் யாராவது முப்பது நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால் விசாரணை வைக்க வேண்டும். 1978இல் பெல்கி நிலையத்துக் கதவில் ஒட்டியிருந்த காகிதம் என் பெட்டியில் இருந்தது. அதைப் பார்த்து அப்படியே அடித்து, மூன்று பேருக்கும் தபாலில் அனுப்பினேன். முறை அது. வேறு எண்ணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், பென்சிலில், தனித்தனி எழுத்தாக:

"ஐயா, பெல்கி கிளைப் பாதையைக் கைவிடுவதை ஆட்சேபிக்கிறேன். நான் பெல்கியிலிருந்து சரக்கு அனுப்புகிறவன். நவம்பரில் கிறிஸ்துமஸ் மரங்கள், ஒரு வேகன், பொது சைடிங்கிலிருந்து சிகாகோவுக்கு. வேகன் தேவை என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன். ஆர்வோ நியெமி."

அதை உப்புக் குப்பியில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். லவோன் தொலைபேசியில் அழைத்தாள்.

"எனக்கும் ஒரு நகல் வந்திருக்கு. இப்ப விசாரணை வச்சாகணும்."

"அவன் வேடிக்கைக்கு எழுதியிருக்கான், லவோன்."

"அவன் ஜென்மத்துல ஒரு கடுதாசி எழுதி நீ பாத்திருக்கியா? ரெண்டு வருசமா நிஜம் நிஜம்னு சொல்லிக்கிட்டு இருந்தது யாரு? நிஜத்துல விசாரணை உண்டா இல்லையா?"

"உண்டு."

"அப்ப அக்டோபர் சனிக்கிழமை. நான்தான் நீதிபதி. வேற யாருக்கும் அந்த மூஞ்சி இல்ல."

அன்று மாலை நான் பெட்டிகளின் அடியிலிருந்து இன்னொரு காகிதக் கட்டை வெளியே எடுத்தேன். கார்பன் நகல்கள். வரவுப் பதிவேடு வந்த வேகன்களைச் சொல்லும். இந்தக் கட்டு நாங்கள் கேட்ட வேகன்களைச் சொல்லும். தினமும் காலை ஏழு மணிக்கு ஜங்ஷன் ஏஜெண்டை அழைத்து, நாளைக்கு இத்தனை காலி வேகன் வேண்டும் என்பேன். சொன்னதை எழுதி ஒரு நகல் வைத்துக்கொள்வேன். 1978 செப்டம்பர் பதினாலு: கேட்டது பன்னிரண்டு. வந்தது மூன்று. பதினைந்து: கேட்டது பன்னிரண்டு. வந்தது இரண்டு. மாதம் முழுவதும் அப்படித்தான். கம்பெனிக்கு அந்தப் பாதை வேண்டாம் என்றாகிவிட்டது. வேகன் கொடுக்காமல் இருந்தால் சரக்கு லாரிக்குப் போகும். சரக்கு போனால் பாதையைக் கைவிடக் காரணம் கிடைக்கும். அப்போதே எனக்கு அது புரிந்திருந்தது.

எங்களைப் போல ரயில் வைத்திருக்கிறவர்கள் சரக்கைக் கணக்கிடும்போது, ஒரு தொழிற்சாலைக்கு என்ன தேவை என்பதில்தான் தொடங்க வேண்டும். நான் வந்ததில் தொடங்கினேன். வந்ததுதான் தேவை என்பதுபோல இரண்டு வருடம் அட்டை எழுதினேன். இந்தக் கட்டு அங்கே இருப்பது தெரிந்தேதான் செய்தேன். ஓடாத வண்டியை எப்படி ஓட்டுவது என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

உண்மையான விசாரணை 78 அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பெல்கி பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. ஆலை நிர்வாகம் அதற்குள் இயந்திரங்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக முடிவெடுத்துவிட்டது, யாரையும் அனுப்பவில்லை. நான் இந்தக் கட்டைக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கு எதிரே மதுக்கடை. வெள்ளிக்கிழமை என்றால் அங்கே மீன் வறுவல். முதலில் சாப்பிட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு மேசை தள்ளி ஆர்வோவும் உட்கார்ந்திருந்தான். ஜன்னலில் பள்ளியின் விளக்குகள் தெரிந்தன. நாற்பது நிமிடத்தில் அவை அணைந்தன. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. நான் ஏன் எழுந்து போகவில்லை என்று யாரும் கேட்டதில்லை; அப்படி ஒரு கட்டு இருப்பது யாருக்கும் தெரியாது. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மீன் சூடாக இருந்தது. அது நினைவிருக்கிறது.

இந்தத் தடவை அந்த நகல்களைக் கட்டோடு நிலவறை மேசை இழுப்பறையில் வைத்தேன். கேட்டால் கொடுப்பது, கேட்காவிட்டால் இல்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். அது ஒரு தீர்மானம்கூட இல்லை.

அக்டோபர் பத்தாம் தேதி டுவேன் டை கட்டிக்கொண்டு வந்தார். லவோன் இறைச்சி தட்டும் மரச் சுத்தியலைக் கொண்டு வந்திருந்தாள். ஆர்வோ சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தான். மான் சாசேஜை வட்டம் வட்டமாக நறுக்கி ஒரு தட்டில் கொண்டுவந்து, யாரிடமும் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"அமைதி, அமைதி." லவோன் மேசையைத் தட்டினாள். "டாக்டர், சீஸை வாயில அடக்கிக்கிட்டு வாதாடக் கூடாது."

டுவேன் விழுங்கிவிட்டு எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, கம்பெனி தரப்பு ரொம்ப எளிது. போன வருசம் ஜனவரில ஒரு நாளைக்குப் பதினாலு வேகன். இப்ப மூணு. ஆலைக்கே வேண்டாத பாதையைக் கம்பெனி ஏன் கட்டி அழணும்? எதிர்த்தரப்பு ஒரு வேகன் கிறிஸ்துமஸ் மரம் அனுப்பறாராம். எங்க வளருதுங்க அந்த மரம்?"

"டிரெய்லருக்குப் பின்னாடி," என்றான் ஆர்வோ.

"எத்தனை?"

"நாலு."

"நாலு மரம் வேகனை ரொப்புமா?"

"பெரிய மரம்."

டுவேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். லவோனுக்கும் உதடு துடித்தது. ஆர்வோ முழங்கால் மேல் கைகளை வைத்தபடி இருந்தான். சிரிப்பு அடங்கக் காத்திருந்தான்.

"உன் பக்கத்தைச் சொல்லு, ஆர்வோ," என்றாள் லவோன்.

"எனக்குப் பேச வராது. ஒண்ணே ஒண்ணு இடிக்குது. அந்த வருசம் ஜங்ஷன்ல கடைசி லைன்ல காலி வேகன் நின்னுச்சு. நாப்பது இருக்கும். கோடை பூரா. சக்கரத்துக்குள்ள புல்லு முளைச்சிருச்சு. தினமும் அதைத் தாண்டித்தான் மூணு வேகனை இழுத்துக்கிட்டுப் போவோம். யார்டு மாஸ்டர்கிட்ட கேட்டேன், ஏன் இதைக் கொண்டுபோகக் கூடாதுன்னு. ஆலை கேக்கலப்பான்னார். அப்படியான்னு வந்துட்டேன். ஆலை மேலதான் எனக்குக் கோவம். வேணாம்னுட்டாங்களேன்னு." அவன் என் பக்கம் திரும்பினான். முகத்தில் சந்தேகம் ஒன்றும் இல்லை. வழி கேட்கிறவன் முகம்தான் அது. "வெர்ன்தான் அங்க இருந்தான். அவனைச் சாட்சியா கூப்பிடறேன்."

"வெர்ன், உள்ளதைச் சொல்வியா?"

"சொல்றேன்."

"அந்த செப்டம்பர்ல நீ எத்தனை கேட்டே?" என்றான் ஆர்வோ.

எங்கள் வண்டி நேரத்துக்கான சுவர்க் கடிகாரம் நான்கு மடங்கு வேகத்தில் ஓடுவது. அதன் சத்தம் கேட்டது. முப்பத்தோரு வருடம் ஆயிற்று, ஞாபகம் இல்லை என்று சொல்லலாம். யாரும் மறுக்க மாட்டார்கள். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

"பன்னெண்டு," என்றேன்.

"வாரத்துக்கா?"

"ஒரு நாளைக்கு."

டுவேன் உட்கார்ந்துவிட்டார்.

"எழுத்துல இருக்கா?"

"இருக்கு."

இழுப்பறையிலிருந்து கட்டை எடுத்துக் கொடுத்தேன். ஆர்வோ விரலை ஈரமாக்கிக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினான். எண்களைப் படிக்கும்போது அவன் உதடுகள் அசைந்தன. பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. கடைசித் தாள்வரை பார்த்தான். நாங்கள் மூன்று பேரும் அவன் பார்த்து முடிக்கும்வரை இருந்தோம்.

"இது எப்பவும் உன்கிட்டதான் இருந்துச்சா?"

"ஆமா."

"பள்ளிக்கூடத்துல கூட்டம் நடந்த அன்னிக்கும்?"

"கார்ல இருந்துச்சு."

"நீ மீன் தின்னுக்கிட்டு இருந்தே."

"நீயும்தான்."

"என்கிட்ட அன்னிக்குக் கொண்டுபோக ஒண்ணும் இல்லடா," என்றான்.

அதை அவன் சத்தமாகச் சொல்லவில்லை.

டுவேன் மெதுவாக, "எப்படியும் ஆலையை மூடியிருப்பாங்க, ஆர்வோ," என்றார்.

"இருக்கலாம்."

"பாதையையும்..."

"இருக்கலாம்னு சொல்லிட்டேன்ல டாக்டர்."

லவோன் சுத்தியலைத் தொடாமல் தீர்ப்புச் சொன்னாள். "கேட்ட வேகனைக் கம்பெனி கொடுக்கணும். ஒரு வருசம் கொடுத்துப் பாக்கட்டும். அப்புறம் வந்து பேசட்டும்."

ஆர்வோ தாள்களின் விளிம்பைத் தட்டி ஒழுங்கு செய்து கட்டை மேசையில் வைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டு படியேறினான். மேலே கதவு சாத்தும் சத்தமும் பிறகு அவன் டிரக் கிளம்பும் சத்தமும் வந்தன. ஜெயித்த வழக்கின் பாதையில் அன்று வண்டி ஓடவில்லை. மற்ற இருவரும் மெயின் லைனில் ஒரு மணி நேரம் எதையோ ஓட்டிவிட்டுப் போனார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். அப்படி இருக்கவில்லை. படியிலிருந்த சாசேஜ் தட்டை எடுத்துவந்து, இரண்டு துண்டு தின்றுவிட்டு, மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அவனுக்குத் தொலைபேசி செய்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் செய்தேன். எடுத்தான். நான் சொல்ல வைத்திருந்தது எதுவென்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் ரேடியோவில் காற்றின் வேகமும் மழைக்கான வாய்ப்பும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வானிலை முழுவதும் கேட்டோம். பிறகு அவன் வைத்துவிட்டான்.

நவம்பருக்குப் பன்னிரண்டு சீட்டு எழுதினேன். இரண்டு வருடமாகப் பெட்டியில் கிடந்த வேகன்களை எடுத்துச் சக்கரங்களை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். பன்னிரண்டு பழுப்பு வேகன்களை ஜங்ஷனில் வரிசையாக நிறுத்தினேன். பதிமூன்றாவதாக ஒன்று: காலி, பெல்கி பொது சைடிங், ஏற்றுகிறவர் ஆ. நியெமி, கிறிஸ்துமஸ் மரம். கேட்டவன் வராவிட்டாலும் வேகன் நிற்க வேண்டும் என்பது தீர்ப்பு. நான் செய்தது அதற்காகத்தான்.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு மணிக்கு லவோனும் டுவேனும் வந்தார்கள். ஒன்றே காலுக்கு டுவேன், "கிளையை நான் வேணா ஓட்டறேனே," என்றார்.

"வேணாம்."

"சும்மா நிக்குதே வெர்ன்."

"நிக்கட்டும் டாக்டர்."

லவோன் என்னைப் பார்த்தாள். பிறகு தன் தாளைப் பார்த்தாள். ஒன்றே முக்காலுக்கு மேலே கதவு திறந்தது. பூட்ஸிலிருந்து பனியைத் தட்டுகிற சத்தம். ஆர்வோ இறங்கி வந்து, தொப்பியை ஆணியில் மாட்டி, யாரையும் பார்க்காமல் பெல்கி வண்டியின் அட்டைகளை எடுத்து எண்ணினான். இன்னொரு தடவை எண்ணினான்.

"பதிமூணு."

"ஆமா," என்றேன்.

"ஆலை சைடிங்ல ஒன்பதுதான் நிக்கும். மிச்சத்த எங்க நிறுத்த? உன் தலையிலயா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. முன்பு வந்த பதினாலும் வெவ்வேறு இடங்களுக்குப் போனவை; மரத்துக்கு ஒரு லைன், களிமண்ணுக்கு ஒரு லைன். இப்போது பன்னிரண்டும் ஒரே இடத்துக்கு. நிஜ ஆலையில் பதினைந்து நிற்கும். கட்டும்போது இடம் போதாமல் நான்தான் குறைத்துவிட்டேன்.

"நிஜத்துல பதினஞ்சு நிக்கும்," என்றேன்.

"நிஜத்துல நிக்கும்னு எனக்குச் சொல்றியா? அங்க நின்னவன் நான்டா." அவன் லவோன் பக்கம் திரும்பினான். "கண்ட்ரோல், பெல்கி வண்டி. ரெண்டு நடை போகணும். பாதை வேணும்."

"எத்தனை மணிவரைக்கும்?"

"அந்தக் குமாஸ்தாவைக் கேளு. ஊர்ல இருக்கற வேகனையெல்லாம் அவன்தான் கூப்பிட்டிருக்கான்."

"பெல்கி வண்டி, பாதை உன்னுது. முடிச்சுட்டுச் சொல்லு," என்றாள் லவோன்.

முடிய நான்கு மணி நேரம் ஆனது. முதல் நடையில் ஒன்பது, இரண்டாவதில் மூன்றும் மரத்துக்கான ஒன்றும். ஒன்பதை உள்ளே தள்ளினால் மேற்கொண்டு அசைய இடமில்லை. இரண்டை வெளியே எடுத்து, பொது சைடிங்கில் ஒதுக்கி, மறுபடி தள்ளி. ஒரு வேகன் தடம் புரண்டது. குச்சி ஒன்று முறிந்தது. என்னையும் என் ஆலையையும் அதைக் கட்டிய கையையும் ஃபின்னிஷ் மொழியில் திட்டினான். வேறெதுவும் என்னிடம் பேசவில்லை. டுவேனின் மனைவி இரண்டு தடவை அழைத்தாள். "ஒரு நோயாளிக்குப் பல் வேர் ரொம்ப ஆழமா போய்க்கிட்டு இருக்கு," என்று சொல்லி வைத்தார்.

லவோனும் டுவேனும் போன பிறகு ஆர்வோ கோட்டை மாட்டிக்கொண்டு படியின் கீழ் நின்றான்.

"கோவம் போகல எனக்கு."

"சரி."

"போகும்னும் தோணல."

"சரி."

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"டிசம்பருக்கு எத்தனை?"

"டிசம்பருக்கு நகல் இல்ல ஆர்வோ. நவம்பர் பதினேழாம் தேதி கடைசியா கேட்டேன். அதுக்கப்புறம் கேக்க ஆலை இல்ல."

"அதான் எத்தனைன்னு கேக்கறேன்."

"தெரியல."

"எழுதி வை. பன்னெண்டாம் தேதி வரேன்."

அவன் போன பிறகு வெற்றுச் சீட்டுகளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். பார்த்து எழுத எதுவும் இல்லை. வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒன்று எழுதினேன்: காலி வேகன், பெல்கி, காகித உருளை. இன்னொன்று எழுதினேன். எட்டில் நிறுத்திக்கொண்டேன். சைடிங்கில் ஒன்பது நிற்கும். முன்னும் பின்னும் நகர்த்த அவனுக்கு ஒரு வேகன் இடமாவது வேண்டும்.